இலங்கையில் எல்க் ஏது? – வேட்டைப் புத்தகங்களும் நம்ம அகராதிகளும்

இலங்கைத் தீவில் எல்க் என்ற மிருகம் வாழ்ந்ததே இல்லை. ஆனால் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் 'எல்க் பிளெய்ன்ஸ்' என்று ஓர் இடம் இருக்கிறது. நீலகிரியில் ஐபெக்ஸ் கிடையாது. ஆனால் சென்னை மாகாண அரசு 1879ல் நீலகிரிக்கென்றே போட்ட வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் ஐபெக்ஸ் இருக்கிறது. அதே பட்டியலில் 'ஜங்கிள் ஷீப்', அதாவது காட்டுச் செம்மறி என்றும் ஒன்று இருக்கிறது. அது செம்மறியும் இல்லை, வெள்ளாடும் இல்லை. மான்.

இந்த மாதிரி விஷயங்களைப் படிக்கும்போது முதலில் சிரிப்புதான் வரும். "வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். நான் கொஞ்ச நாளாக இந்தப் பழைய வேட்டைப் புத்தகங்களை ராத்திரி வேலை முடிந்ததும் படித்துக்கொண்டிருக்கிறேன். விஷயம் அவ்வளவு லேசு இல்லை. தப்பு எங்கே ஆரம்பித்தது என்பதைவிட, அது கடைசியில் எங்கே போய் உட்கார்ந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது உட்கார்ந்திருக்கும் இடம் நம்ம அகராதி.

முதலில் எல்க். சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறினார். பின்னாளில் ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு உலகத்துக்குச் சொன்ன அதே பேக்கர்தான். இலங்கை வேட்டை அனுபவங்களை வைத்து 'இலங்கையில் துப்பாக்கியும் வேட்டைநாயும்' என்று தமிழில் சொல்லக்கூடிய தலைப்பில் 1850களில் ஒரு புத்தகம் போட்டார். அதில் பக்கத்துக்குப் பக்கம் எல்க் வருகிறது. மலைக்காட்டில் நாய்களை விட்டுத் துரத்தி, ஓடைத் தண்ணீரில் மடக்கி, கத்தியால் குத்திக் கொல்லும் வேட்டை. துப்பாக்கி கூட இல்லை.

அந்த எல்க் உண்மையில் என்ன? நம்ம கடமான். தெற்குச் சீமையில் மிளா என்பார்கள். இந்தியில் சாம்பர். அறிவியல் பெயர் ரூசா யூனிகலர். இதில் வேடிக்கை, இந்த இனத்துக்கு அந்தப் பெயரை ராபர்ட் கெர் 1792ல் வைத்தபோது அடிப்படையாக எடுத்ததே இலங்கை மானைத்தான். அதாவது பேக்கர் வந்து இறங்குவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அந்த மிருகத்துக்கு முறையான பெயர் இருந்தது.

கடமானையும் எல்க்கையும் நேரில் பார்த்தவன் குழப்பிக்கொள்ளவே முடியாது. ஐரோப்பிய எல்க்கின் கொம்பு உள்ளங்கை மாதிரி அகலமாக விரிந்திருக்கும். மேலுதடு தொங்கும், தொண்டைக்குக் கீழே ஒரு தோல் பை ஆடும். வட அமெரிக்காவில் மூஸ் என்கிறார்களே, அதுதான். கடமானின் கொம்பு வேறு ரகம். நெற்றிக்கு மேல் முன்னால் நீட்டும் ஒரு கிளை, அப்புறம் உச்சியில் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிவது. வளர்ந்த ஆணுக்கு ஒரு பக்கத்துக்கு மூன்று முனை, அவ்வளவுதான். எடையிலும் எல்க் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு போகும்.

அப்புறம் எப்படி இந்தக் குழப்பம்? இங்கேதான் எனக்குச் சுவாரசியம் தட்டியது. பிரிட்டனில் எல்க் பல ஆயிரம் வருடங்களுக்கு முன்பே அழிந்துபோய்விட்டது. மிருகம் போய்விட்டது, சொல் மட்டும் மொழியில் தங்கிவிட்டது. எந்த மிருகத்தின் மீதும் ஒட்டாமல் அந்தரத்தில் தொங்கும் சொல். 'எங்கேயோ இருக்கும் ஏதோ ஒரு பெரிய மான்' என்பதுதான் சராசரி ஆங்கிலேயனுக்கு அதன் அர்த்தம். அவன் கப்பலேறிப் போன இடத்திலெல்லாம் கண்ணில் பட்ட முதல் பெரிய மானுக்கு அதை ஒட்டினான். அமெரிக்காவில் வாபிட்டி என்ற மானுக்கு ஒட்டினான், அங்கே இன்று வரைக்கும் அதுதான் எல்க். நிஜமான எல்க்கையும் அதே கண்டத்தில் பார்த்தபோது பெயர் ஏற்கெனவே செலவாகிவிட்டிருந்தது. பழங்குடி மொழியிலிருந்து மூஸ் என்று கடன் வாங்கினான். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் அதே எல்க் கடமான் மேல் விழுந்தது.

ஆக, இதைக் கண்ணின் தப்பு என்று சொல்வதற்கில்லை. வேட்டைக்காரர்களுக்குக் கண் நன்றாகவே வேலை செய்தது. காலடித் தடத்தைப் பார்த்து எத்தனை நேரத்துக்கு முன் போனது என்று சொல்வார்கள். நீலகிரியில் சுட்டவர்களிடம் 'சேடில்பேக்' என்று ஒரு சொல் உண்டு. முதுகில் சேணம் போட்டது மாதிரி வெளிறிய திட்டு விழுந்த வயசான ஆண் வரையாட்டுக்கு அந்தப் பெயர். எவ்வளவு நுட்பமான கவனிப்பு பாருங்க. தூரத்துப் பாறையில் நிற்பது ஆணா பெண்ணா, இளசா கிழமா என்று சரியாகச் சொல்லத் தெரிகிறது, அந்த மிருகம் என்ன மிருகம் என்பதில் மட்டும் ஐபெக்ஸ் என்று விட்டுவிடுகிறார்கள். ஏனென்றால் அவர்களுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். சுவரில் மாட்டத் தகுந்த தலையா இல்லையா என்பதற்கு ஆண் பெண், வயசு, கொம்பின் அளவு போதும். இனம் எதற்கு?

இந்தக் கோணத்தில் பேக்கரைத் திரும்பப் படித்தால் ஒன்று உறுத்துகிறது. அவருடைய நாய்களுக்குத் தனித்தனிப் பெயர் இருக்கிறது. கில்பக், ஸ்மட் என்று ஒவ்வொன்றின் குணமும் வீரமும் நமக்கு மனப்பாடமே ஆகிவிடும். செத்துப்போனால் நமக்கே கஷ்டமாக இருக்கும், அவ்வளவு நன்றாக எழுதுகிறார். எதிரே நின்று கடைசி வரை போராடும் மிருகத்துக்கு மட்டும் இரவல் பெயர். எழுத்தாளராக அவரை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பனியில் நாய் குரைப்பு எந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது என்று காது கொடுத்து நிற்கும் இடங்கள் இன்றைக்கும் படிக்கலாம். ஆனால் அந்த எழுத்துக்குள் மான் ஒரு பாத்திரமே இல்லை, ஓடுவதற்காக இருக்கும் ஒன்று.

இப்போ நீலகிரிக்கு வருவோம். இங்கே தப்பு இன்னும் சுவையானது.

ஐபெக்ஸ் என்பது காட்டு வெள்ளாடு, காப்ரா குடும்பம். இந்தியாவில் அதைப் பார்க்க லடாக், இமாச்சல் பக்கம் போகணும். நீலகிரியில் இருப்பது வரையாடு. இதை ரொம்ப காலம் இமயமலை தார் என்ற மிருகத்தின் தம்பியாகத்தான் வைத்திருந்தார்கள். 2005ல் ரோபிகே, ஹசானின் என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் மரபணுவைப் பார்த்துவிட்டு, இது இமயமலை தாருக்கு நெருக்கமில்லை, செம்மறியின் கிளைக்குத்தான் நெருக்கம் என்றார்கள். நீல்கிரிட்ராகஸ் என்று தனிப் பேரினமே கொடுத்தார்கள்.

இப்போ 1879 பட்டியலைத் திரும்பப் பாருங்க. செம்மறிக்கு நெருக்கமான மிருகத்தின் பெயர் ஐபெக்ஸ், அதாவது வெள்ளாட்டு வகை. செம்மறி என்று பெயர் போட்ட மிருகமோ மான். இரண்டு லேபிளும் இடம் மாறி ஒட்டியது மாதிரி இருக்கிறது!

அந்த 'ஜங்கிள் ஷீப்' எது என்றால் கேழையாடு. கேளையாடு என்றும் எழுதுவார்கள். நாய் மாதிரிக் குரைக்கும், முகத்தில் கறுப்புக் கோடுகள் ஓடும், சின்ன மான். சென்னை மாகாண வேட்டைக்காரர்கள் இதை ஜங்கிள் ஷீப் என்கிறார்கள் என்று ஜெர்டன் 1867ல் வந்த தன் இந்தியப் பாலூட்டிகள் நூலில் பதிவு செய்கிறார். மற்ற மாகாணத்துக்காரர்கள் குரைக்கும் மான் என்று பொருத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நம்ம பக்கத்து ஆட்கள் மட்டும் ஏன் ஆடு என்றார்கள்?

என் அனுமானம், இந்தத் தப்பு நம்ம தப்பு. தமிழில்தானே அது கேழை'ஆடு'! கூட வந்த தமிழ் வழிகாட்டி ஏதோ ஆடு என்று சொல்ல, துரை அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டிருப்பார். தமிழில் ஆடு என்றால் செம்மறியும் ஆகும், வெள்ளாடும் ஆகும். ஆங்கிலத்தில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகணும். செம்மறியைத் தேர்ந்தெடுத்துவிட்டார். வரையாடு விஷயத்தில் நம்ம பொதுச்சொல் நம்மைக் காப்பாற்றியது, எந்த ஆடு என்று சொல்லாததால் மரபணு ஆய்வு வந்தும் பெயர் பொய்யாகவில்லை. கேழையாடு விஷயத்தில் அதே பொதுச்சொல் காலை வாரிவிட்டது.

வேட்டைக்காரர் பேச்சு சட்டத்துக்குள் எப்படி நுழைந்தது என்று கேட்டால் அதற்கு விடை சுலபம். 1877ல் உதகையில் ஆரம்பித்த வேட்டை விலங்குச் சங்கத்துக்காரர்கள்தான் மிருகம் குறைந்துபோகிறது என்று சட்டம் கேட்டவர்கள். அவர்கள் பேசிய மொழியிலேயே சட்டம் வந்தது. நோக்கம் நிறைவேறியது என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பட்டியலில் ஐபெக்ஸ் என்று தப்பாக எழுதினாலும் உதகையில் எல்லாருக்கும் எந்த மிருகம் என்று தெரியும். சின்ன ஊர், ஒரே கிளப். எங்கள் வேலையில் இது தினமும் நடப்பது. பத்து வருடத்துக்கு முன் யாரோ ஒரு புரோகிராமில் தப்பான பெயரில் ஒரு ஃபங்ஷன் எழுதியிருப்பார், டீமில் இருக்கும் எல்லாருக்கும் அது உண்மையில் என்ன செய்கிறது என்று தெரியும், ஒன்றும் கெட்டுப்போகாது. அந்த டீம் கலைந்து, பெயரை மட்டும் நம்பி வெளியாள் ஒருத்தர் அதைப் பயன்படுத்தும் நாளில்தான் பிரச்சினை.

நம்ம கதையில் அந்த வெளியாள், அகராதி தொகுப்பவர்.

பரோவும் எமெனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961ல் வந்தது, திருத்திய பதிப்பு 1984ல். திராவிட மொழிகளைப் பற்றி யார் எங்கே ஆராய்ச்சி செய்தாலும் கையில் எடுக்கும் முதல் புத்தகம். அதில் கடமா, கடமான், கடமை என்ற தமிழ்ச் சொற்களைப் பாருங்க. அர்த்தம், காட்டெருமை வகையோடு, எல்க். கன்னடத்தின் கடவெ என்ற சொல்லுக்கும் எல்க்தான், கூடவே ரூசா அரிஸ்டாட்டிலிஸ் என்று ஒரு பழைய லத்தீன் பெயர்.

அந்த லத்தீன் பெயருக்கும் ஒரு குட்டிக் கதை இருக்கிறது. பிரெஞ்சு விலங்கியல் மேதை குவியே கடமானுக்கு 1820களில் வைத்தது. அரிஸ்டாட்டில் ஹிப்பெலாபஸ், அதாவது குதிரைமான் என்று கிழக்குத் தேசத்து மிருகம் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். அது இதுதான் என்று குவியே நினைத்தார், அவர் பெயரையே வைத்தார். கெர் வைத்த பெயர் முந்தியது என்பதால் இது பிற்பாடு கைவிடப்பட்டது. அதாவது வேட்டைக்காரன் மட்டும் இல்லை, பாரிஸ் மியூசியத்தில் உட்கார்ந்திருந்தவரும் புது மிருகத்தைப் பார்த்ததும் பழைய புத்தகத்தில்தான் பெயர் தேடினார்.

சரி, அகராதிக்குத் திரும்புவோம். எமெனோ சாதாரண ஆள் இல்லை. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் இருந்து, நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளை ஊர் ஊராக உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்தவர். அவருக்கா கடமான் தெரியாது? இந்தக் கேள்வியோடு அதே அகராதியில் மான் என்ற சொல்லின் பதிவுக்குப் போனேன். தமிழ் மானோடு உறவுள்ள கோத்தர் சொல், தோடர் சொல் இரண்டும் அங்கே இருக்கின்றன. இரண்டுக்கும் அர்த்தம் சாம்பர். எல்க் இல்லை!

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்க. ஒரே புத்தகம். ஆசிரியர் காதால் கேட்டு எழுதிய மொழிகளில் மிருகத்தின் பெயர் சரியாக வருகிறது. தமிழுக்கும் கன்னடத்துக்கும் அவர்கள் காட்டுக்குப் போகவில்லை, போகத் தேவையும் இல்லை, பெரிய அகராதிகள் ஏற்கெனவே இருந்தன. தமிழுக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி, கன்னடத்துக்கு 1894ல் வந்த கிட்டலின் அகராதி. அவற்றிலிருந்து அர்த்தத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்த அகராதிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலோ இந்தியப் பேச்சிலிருந்து எல்க்கை எடுத்திருந்தன. எழுத்து வைத்திராத தோடருக்குச் சரியான அர்த்தம் கிடைத்தது, இரண்டாயிரம் வருட இலக்கியமும் பல தொகுதிப் பேரகராதியும் வைத்திருக்கும் நமக்கு பேக்கர் காலத்து எல்க் கிடைத்தது.

ஆங்கிலம் இதற்குள் தன்னைத் திருத்திக்கொண்டுவிட்டது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காகப் பிரேட்டர் எழுதிய இந்திய விலங்குகள் புத்தகம் 1948ல் வந்தது. அதில் சாம்பர், சீத்தல், மன்ட்ஜாக், நீலகிரி தார் என்று எல்லாம் ஒழுங்காக இருக்கும். அதற்கப்புறம் இங்கே காட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும் யாரும் எல்க் என்று எழுதுவதில்லை. தப்பைச் செய்தவன் விட்டுவிட்டான், கடன் வாங்கின நாம்தான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம். இதன் விளைவு சின்னது இல்லை. சங்கப் பாட்டில் கடமாவோ கடமானோ வரும் இடத்தை இங்கிலீஷில் பெயர்க்க ஒருவர் அகராதியைத் திறந்தால் குறிஞ்சி நிலத்துக்குள் ஸ்வீடன் காட்டு மிருகம் ஒன்று நடந்து வரும். வாசிக்கிற வெளிநாட்டுக்காரருக்கு மனதில் என்ன படம் விழும்?

இதைப் படித்துவிட்டு "நம்ம பெயர்களே சிறந்தவை" என்று யாராவது கிளம்புவதற்கு முன் நம்ம பக்கக் கணக்கையும் பார்த்துவிடலாம்.

கலைமான் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்க. செய்தியில் வெளிமானும் கலைமான், படத்தில் பெரிய கொம்போடு நிற்கும் கடமானும் கலைமான், கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுப்பதும் கலைமான். தொல்காப்பிய மரபியலைப் பார்த்தால் கலை என்பது ஓர் இனமே இல்லை. ஆணுக்கான பெயர். புல்வாயின் ஆண் கலை, இரலை என்றும் சொல்லலாம். உழையின் ஆணும் கலை. அதோடு முடியவில்லை, முசு என்ற குரங்கின் ஆணும் கலைதான். மரபியலின் அக்கறை குட்டிக்கு என்ன பெயர், ஆணுக்கு என்ன, பெண்ணுக்கு என்ன என்பதில். நீலகிரி வேட்டைக்காரனின் சேடில்பேக் மாதிரியே இதுவும் ஆண் பெண், வயசு பார்த்து வைத்த பெயர். அதை ஓர் இனத்தின் பெயராக்கினது நாம்.

கவரிமான் இன்னும் மோசம். குறளில் வருவது கவரிமா. மா என்றால் விலங்கு. கவரி இமயத்து மிருகம் என்பது பதிற்றுப்பத்தின் பதினோராம் பாட்டிலேயே இருக்கிறது, மலைச்சரிவில் தூங்கிக்கொண்டே நரந்தம் புல்லைக் கனவு காணும். சடை மயிர் தொங்கும் யாக் மாடுதான் அது என்பது இன்று பொதுவாக ஏற்ற கருத்து. ஆனால் தமிழ்நாட்டில் யார் யாக்கைப் பார்த்தார்கள்? மிருகம் இல்லாத ஊரில் சொல் மட்டும் இருந்தது. மா ஒரு ன் சேர்ந்து மான் ஆனது, 1979ல் சிவாஜி படத்துக்குத் தலைப்பும் ஆனது. ஒரு முடி உதிர்ந்தால் உயிர் விடும் மான் என்று மேடைப் பேச்சில் இன்றும் கேட்கலாம். பிரிட்டனில் எல்க்குக்கு நடந்ததும் இங்கே கவரிக்கு நடந்ததும் ஒன்றுதான், அவன் மாடாகப் பார்க்க வேண்டியதை மானாகப் பார்க்கவில்லை, நாம் பார்த்துவிட்டோம்.

'மரை' எந்த மிருகம் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. கடமான் என்பார் உண்டு, நீலான் என்பார் உண்டு. மரபியல் அதன் பெண்ணுக்கு 'ஆ' என்ற பெயரைக் கொடுத்து மாட்டோடும் எருமையோடும் சேர்த்து வைக்கிறது. நீலான் மாட்டுச் சாயல் உள்ளது என்பதால் எனக்கு அந்தக் கட்சி பிடிக்கும், ஆனால் பிடிப்பது சான்று ஆகாது.

எங்கள் வீடு நங்கநல்லூரில். பழவந்தாங்கலில் மின்ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் கிண்டி. உலகத்தில் எத்தனை பெரிய நகரத்துக்கு நடுவில் இரண்டு வகை மான் மேயும் காடு இருக்கிறது? புள்ளிமானும் வெளிமானும். புள்ளிமான் அங்கே பிற்பாடு கொண்டுவந்து விடப்பட்டது. இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சுலபமான வழி கொம்பு. புள்ளிமானின் கொம்பு கிளைவிடும், முழுக்க எலும்பு, ஆண்டுக்கு ஒரு தடவை விழுந்து திரும்ப முளைக்கும். வெளிமானின் கொம்பு கிளையே விடாது, திருகித் திருகி மேலே போகும், எலும்பின் மேல் மாட்டுக்கொம்பு மாதிரி உறை, ஆயுசுக்கும் விழாது. விலங்கியல்படி முதலாவதுதான் மான், இரண்டாவது மாட்டுக் குடும்பம். தமிழில் இரண்டுக்கும் கொம்பு என்ற ஒரே சொல்தான். அதனால்தான் இந்த வித்தியாசம் நமக்குக் கண்ணில் படாமலே போகிறது.

இது வெறும் சொல் விளையாட்டு என்று நினைப்பவர்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்க்கலாம். 2022ல் திருத்துவதற்கு முன்னால் வெளிமான் முதல் அட்டவணையில் இருந்தது, கொன்றால் குறைந்தது மூன்று வருடம், ஏழு வருடம் வரை போகலாம். புள்ளிமான், கடமான், கேழையாடு மூன்றாம் அட்டவணை. குறைந்தபட்சத் தண்டனை கிடையாது, அபராதத்தோடும் முடியலாம். சருகுமான் முயல் அளவுதான் இருக்கும், அது முதல் அட்டவணை. 'மான் வேட்டை, இருவர் கைது' என்று பேப்பரில் ஒரு வரி வந்தால் அது எந்த மான் என்பதைப் பொறுத்து அந்த இருவரின் ஏழு வருடம் இருக்கிறது. தமிழ்ச் செய்தியில் பாதி நேரம் எந்த மான் என்று இருப்பதில்லை, இருந்தால் கலைமான் என்று இருக்கும்.

பேரகராதியைத் திருத்தும் வேலை நடந்தால் அதில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. கடமான், கடமா, கடமை பதிவுகளில் எல்க்கை எடுத்துவிட்டு சாம்பர் என்று போடணும், ரூசா அரிஸ்டாட்டிலிஸ் இருக்கும் இடங்களில் ரூசா யூனிகலர். கலைக்கு 'ஆண்' என்ற அர்த்தம் முதலில் வரணும், இனப்பெயர் பின்னால். மரைக்கு இரண்டு கட்சியையும் எழுதி, முடிவாகவில்லை என்று ஒரு குறிப்பு. ஒருத்தர் ஒரு மத்தியானத்தில் உட்கார்ந்து முடித்துவிடலாம்.